தண்ணீருக்குக் கீழே இருக்கிறது விலை

திருப்பூர் நல்லூரில் கடல் கிடையாது. காங்கேயம் ரோட்டில் நின்று எந்தத் திசையில் வண்டியை விட்டாலும் உப்புக் காற்று முகத்தில் அடிக்கப் பல மணி நேரம் ஆகும். ஆனால் இங்கே தைத்து, செக்கிங் முடித்து, பெட்டியில் அடைத்து கன்டெய்னரில் ஏறும் பனியன்களில் பெரும்பகுதி தாராபுரம், திண்டுக்கல், மதுரை தாண்டித் தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்துக்குத்தான் போகிறது. அங்கே கப்பல் ஏறிவிட்டால் அதன் பிறகு திறந்த கடல்தானே என்று நினைத்துக்கொள்கிறோம். கப்பல் ஓட்டுகிறவர்களிடம் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். துறைமுக வாசலில் கப்பலுக்கென்று ஆழப்படுத்திய வாய்க்கால் ஒன்று உண்டு. அதை விட்டு விலகினால் தரை தட்டும். அந்த வாய்க்காலின் இரு ஓரத்தையும் காட்டிக்கொண்டு நிற்பவை மிதவைகள். கடற்கரை ஊர்களில் அதன் பெயர் போயா.

இந்தியக் கடலில் விதி இது: கடலிலிருந்து துறைமுகத்துக்குள் வரும்போது இடது கைப்பக்கம் சிவப்பு, வலது கைப்பக்கம் பச்சை. சிவப்பு போயா பீப்பாய் வடிவம், பச்சை கூம்பு வடிவம். வெளிச்சம் மங்கி நிறம் தெரியாவிட்டாலும் உருவத்தை வைத்துக் கண்டுகொள்ளலாம். நம் சரக்கு வெளியே போகிறது என்பதால் அதற்குச் சிவப்பு வலப்பக்கம் வரும். கொழும்பிலோ ராட்டர்டாமிலோ ஹாம்பர்க்கிலோ உள்ளே நுழையும்போது சிவப்பு இடப்பக்கம். நியூயார்க்குக்குப் போகிற சரக்கென்றால் கதை மாறும். வட, தென் அமெரிக்காக்கள், ஜப்பான், தென்கொரியா, பிலிப்பைன்ஸ் ஆகிய இடங்களில் விதி நேர் எதிர். அங்கே உள்ளே வரும் கப்பலுக்குச் சிவப்பு வலப்பக்கம். ஆக, தூத்துக்குடியை விட்டுக் கிளம்பும்போது எந்தக் கைப்பக்கம் சிவப்பு இருந்ததோ அதே கைப்பக்கம் சிவப்பை வைத்துக்கொண்டு நம் சட்டை அமெரிக்காவில் இறங்குகிறது.

இந்த இரண்டு விதியோடு உலகம் நின்றதே பெரிய சமாதானம். 1970-கள் வரை 30-க்கும் மேற்பட்ட முறைகள் இருந்தன. ஒரு நாட்டில் வழி என்று பொருள்படும் நிறம் இன்னொரு நாட்டில் ஆபத்து. 1971 ஜனவரியில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே உள்ள டோவர் நீரிணையில் டெக்சகோ கரீபியன் என்ற எண்ணெய்க் கப்பல் மோதி மூழ்கியது. மறுநாளே பிராண்டன்பர்க் என்ற கப்பல் அந்தச் சிதைவின் மேல் ஏறி மூழ்கியது. அடையாளங்கள் வைத்த பிறகும், பிப்ரவரியில் நிக்கி என்ற கிரேக்கக் கப்பல் அதே இடத்தில் முட்டி, இருந்த அத்தனை பேரோடும் போயிற்று. மூன்றிலும் சேர்த்து 51 உயிர்கள். அதற்குப் பிறகுதான் சர்வதேச கலங்கரை விளக்க அமைப்பான இயாலா ஒரே முறைக்கு எல்லாரையும் இழுத்தது. 1980-ல் டோக்கியோவில் கூடி இரண்டு மண்டலங்கள் என்று முடிவானது. பக்க நிறங்களைத் தவிர மற்ற அடையாளங்கள் உலகம் முழுக்க ஒன்றே. கருப்பும் மஞ்சளும் என்றால் எந்தத் திசையில் விலகிப் போக வேண்டும் என்ற குறி. கருப்பில் சிவப்புப் பட்டை, தலையில் இரண்டு கருப்புப் பந்து என்றால் அந்த இடத்திலேயே ஆபத்து. சிவப்பும் வெள்ளையும் நெடுக்குக் கோடாக இருந்தால் சுற்றிலும் நல்ல தண்ணீர்.

இந்தியாவில் கலங்கரை விளக்கங்கள், கலங்கரைக் கப்பல்கள் இயக்ககத்தின் பொறுப்பில் இவை வருகின்றன. 1927-ஆம் ஆண்டின் கலங்கரை விளக்கச் சட்டத்தை நீக்கிவிட்டு 2021-ல் கடல்வழி உதவிச் சாதனங்களுக்கென்று புதுச் சட்டம் வந்தது. துறைமுகத்துக்குள் இருப்பவற்றை அந்தந்தத் துறைமுகமே பார்த்துக்கொள்ளும். அரசும் பெரிய துறைமுகமும் வாங்குவது ஒரு பக்கம் இருக்கட்டும். படகு ஒன்று வைத்திருப்பவர், மீனவர் சங்கம், ஏரியில் படகு விடுகிறவர் இவர்களெல்லாம் போயா வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. தமிழ்நாட்டில் இதை எழுதியவர்கள் குறைவு.

கேனும் கொடியும்

முதலில் எளிய வகை. வலை இறக்கிய இடத்தை, நண்டுக் கூடு போட்ட இடத்தை, பாறை இருக்கும் இடத்தைக் காட்டும் அடையாள மிதவை. நம் கரை முழுக்க இதற்குப் பழைய பிளாஸ்டிக் கேன்தான். ஒரு மூங்கில், அதன் அடியில் எடை, நடுவில் தெர்மாகோல் கட்டையோ கேனோ, நுனியில் துணிக்கொடி. நல்லூர்க்காரர்களுக்கு இந்தக் கேன் புதிதில்லை. சாயப்பட்டறைக்கு அசிட்டிக் ஆசிட்டும் பெராக்சைடும் வந்து இறங்குகிற 35 லிட்டர், 50 லிட்டர் கேன்களும் நீல நிற 200 லிட்டர் பீப்பாய்களும் காலியான பிறகு பழைய சாமான் கடைக்குப் போகின்றன அல்லவா, அந்த ஜாதிதான்.

கேன் மோசமான தேர்வு என்று சொல்லமாட்டேன். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயின் நாட்டு குவாடல்கிவிர் ஆற்றில் மிதவை இருந்ததாக எழுத்துச் சான்று உண்டு. அக்காலத்து மிதவைகளும் இரும்புப் பட்டை போட்ட மரப் பீப்பாய்கள்தான். காலிப் பீப்பாயை மிதக்கவிடுவது அன்றிலிருந்து இன்றுவரை மாறாத யோசனை. ஆனால் கேனுக்குச் சில கணக்குகள் உண்டு. ரசாயனக் கேன் என்றால் நன்றாகக் கழுவி உலர்த்தாமல் மூடக்கூடாது. பெராக்சைடு மிச்சம் இருந்தால் வெயிலில் வாயு உண்டாகி உப்பும். கயிற்றைக் கைப்பிடியில் மட்டும் கட்டினால், ஆறு மாதம் ஆடி ஆடிக் கைப்பிடியோடு பிய்த்துக்கொண்டு போகும். கழுத்திலும் இடுப்பிலுமாகச் சுற்றிக் கட்டுவதே நிற்கும். சூரிய ஒளி தாங்கும் சேர்மானம் இல்லாத பிளாஸ்டிக், வெயிலில் வெளுத்து, பிறகு வெடிப்பு விட்டு, ஒருநாள் சத்தமில்லாமல் தண்ணீர் குடித்துவிடும். வெளுப்பு தெரிந்தவுடன் மாற்றிவிட வேண்டும்.

தெர்மாகோலைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை இல்லை. மலிவு, லேசு, எங்கும் கிடைக்கும், எல்லாம் சரி. அலையில் உரசி உரசிப் பொடியாகி மணி மணியாகக் கரையில் ஒதுங்குவதைக் கடற்கரைக்குப் போனவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். மீன் அதை முட்டை என்று தின்னும். தெர்மாகோலைத்தான் வைக்க வேண்டும் என்றால் கெட்டியான உறைக்குள் போட்டு வைக்க வேண்டும்.

கொடித் துணியில் நம் ஊர் அறிவு உதவும். சாயம் போகாத துணி வெயிலுக்கு வேண்டும் என்று எல்லாரும் நினைப்பார்கள். கடலில் அதைவிட முக்கியம் கிழியாமல் இருப்பது. பனியன் துணி ஈரத்தில் இழுபட்டுத் தொங்கிவிடும், காற்றில் பறக்காது. நெருக்கமாக நெய்த பாலியெஸ்டர் உடனே காய்ந்து விறைப்பாக நிற்கும். நிறத்தில் ஆரஞ்சும் பளிச்சென்ற மஞ்சளும் தூரத்தில் எடுக்கும். சிவப்பும் பச்சையும் வழி காட்டும் நிறங்கள் என்பதால் வலைக்கு அவற்றை வைத்தால் வாய்க்கால் பக்கம் குழப்பம் வரும்.

படகைக் கட்டுவது வேறு

படகைக் கட்டி நிறுத்தும் போயாவில்தான் பணமும் வம்பும். ராமேஸ்வரம், மண்டபம், பாம்பன் கரைகளில் விசைப்படகுகளை ஆழம் குறைந்த கடலில் நங்கூரம் போட்டு வரிசையாக நிறுத்துவார்கள். காற்று திரும்பி வாடை பலமாக அடிக்கும் நாளில் ஒரு படகின் கயிறு அறுந்தால் அது பக்கத்துப் படகில் மோதும், அது அடுத்ததில் மோதும். விடிந்தால் பல படகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கரையில். வருடம் தவறாமல் செய்தித்தாளில் வரும் படம் இது. பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும்போது மன்னார் வளைகுடாப் பக்கத்துக்குப் படகை மாற்றுவதும், அங்கே சீறும்போது இங்கே வருவதும் அந்த மக்களின் பழைய சமாளிப்பு. புயல் நேரத்தில் அதுவும் போதாது. 2018 நவம்பரில் கஜா என்ன செய்தது என்று வேதாரண்யம் பக்கம் கேட்டால் தெரியும்.

நங்கூரம் தினமும் போட்டு எடுப்பது. கட்டும் போயா நிரந்தரம்: கடலடியில் ஒரு பெரிய எடை, அதிலிருந்து கனமான சங்கிலி, அதற்கு மேல் மெல்லிய சங்கிலி, நடுவே முறுக்கு விடுபடச் சுழலும் ஸ்விவல், மேலே மிதவை, மிதவையிலிருந்து படகுக்குக் கயிறு. இந்த ஆறில் மிதவை ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும். வாங்குகிறவர் பணம் கொடுப்பதும் அதற்குத்தான். படகைப் பிடித்து வைப்பது மற்ற ஐந்தும்.

எடையில் தொடங்குவோம். கான்கிரீட் கட்டி ஊற்றுவது சுலபம் என்று எல்லாரும் அதற்கே போகிறார்கள். 1,000 கிலோ கான்கிரீட்டைக் கடலில் இறக்கினால் தண்ணீர் தூக்கிக்கொடுப்பது போக அங்கே அதன் எடை சுமார் 570 கிலோதான். கருங்கல் என்றால் 610 சொச்சம். வார்ப்பிரும்பு என்றால் 850 தாண்டும். நம் பக்கத்தில் இருக்கும் கோவை ஃபவுண்டரிகளுக்கு இப்படி ஒரு இரும்புக் கட்டி வார்ப்பது பெரிய வேலையே இல்லை. தூத்துக்குடி வரை லாரி வாடகை சேர்த்தும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இன்னொன்று, அந்த எடையும் மேல்நோக்கித் தூக்கும்போதுதான் முழுசாக நிற்கும். படகு பக்கவாட்டில் இழுக்கும்போது மணலில் வழுக்கிக்கொண்டே போகும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்து நினைத்தால், அமைதியான நாளில் நன்றாக நின்ற கட்டி புயலில் ஏன் நகர்ந்தது என்று விளங்கும். சேறான அடி என்றால் கட்டி புதைந்து உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், நல்லது. பாறை அடியில் கட்டியை நம்பக்கூடாது.

அதனால்தான் சங்கிலி. அடியில் கனமான சங்கிலி படுத்துக் கிடந்தால் படகு இழுக்கும்போது முதலில் அந்தச் சங்கிலி எழும்ப வேண்டும். அதற்குள் பாதி அதிர்ச்சி தீர்ந்துவிடும். சங்கிலிக் கண்ணி எங்கே தேயும் என்றால், தரையில் கிடந்தும் எழுந்தும் மணலில் அரைபடும் அந்த ஓரிரு மீட்டரில்தான். மேலே பார்த்தால் புதுசு போல இருக்கும்.

மிதவையின் அளவு இங்கிருந்துதான் வருகிறது. 16 மி.மீ. சங்கிலி மீட்டருக்கு ஏறத்தாழ ஐந்தரை கிலோ. எட்டு மீட்டர் தொங்கினால் 44 கிலோ, தண்ணீருக்குள் 38. ஒரு லிட்டர் கொள்ளளவு ஏறத்தாழ ஒரு கிலோவைத் தூக்கும். அப்படியானால் 40 லிட்டர் மிதவை போதுமே என்றால், போதாது. மூக்கு மட்டும் தெரிய முழுகி நிற்கும். இரண்டு மடங்கு, அதாவது 80 லிட்டருக்குக் குறையாமல் எடுத்தால் பாதி வெளியே தெரியும். சில மாதங்களில் பாசியும் சிப்பியும் ஒட்டிக் கூடும் எடைக்கும் இடம் இருக்கும். கடையில் "எத்தனை இன்ச் போயா வேணும்?" என்று கேட்டால், எத்தனை லிட்டர் என்று திருப்பிக் கேளுங்கள்.

மிதவை செய்யும் விதமும் நமக்குத் தெரிந்ததே. மொட்டை மாடித் தண்ணீர் டேங்க் எப்படி அச்சைச் சுழற்றிச் சுழற்றி வார்க்கிறார்களோ அப்படித்தான் பாலித்தீன் போயாவும். நல்லவற்றில் உள்ளே பாலியூரித்தேன் நுரை நிறைத்திருக்கும். ஓட்டை விழுந்தாலும் மூழ்காது. காற்றடித்த வினைல் போயாவும் உண்டு, லேசானது, மோதினால் படகுக்குக் காயமில்லை, ஆனால் முள்ளோ கத்தியோ பட்டால் தீர்ந்தது. எந்த வகையானாலும் வாங்கும்போது கட்டாயம் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: மேல் வளையமும் கீழ் வளையமும் ஒரே இரும்புத் தண்டின் இரு முனைகளா? அந்தத் தண்டு மிதவையின் நடுவே ஊடுருவிப் போனால் இழுவை முழுவதும் இரும்பிலேயே இறங்கிவிடும். வளையம் வெறும் பிளாஸ்டிக்கில் பதித்தது என்றால் அது அடையாளத்துக்கு வைக்கும் மிதவை. அதில் படகைக் கட்டாதீர்கள்.

கயிறு விஷயத்தில் நல்லூரில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. நைலான் நீளும், அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், படகுக்கும் போயாவுக்கும் நடுவே அதுதான் சரி. நனைந்தால் பத்துப் பதினைந்து சதவீதம் பலம் குறையும் என்பதால் ஒரு சைஸ் தடிப்பாக எடுக்க வேண்டும். பாலியெஸ்டர் அவ்வளவாக நீளாது, தேய்மானத்தைத் தாங்கும். பாலிப்ரொப்பிலீன் விலை குறைவு, தண்ணீரில் மிதக்கும். மிதப்பதே அதன் வம்பு: தொய்ந்து மேலே கிடக்கும் கயிறு அடுத்த படகின் விசிறியில் சுற்றும். வெயிலில் நார் நாராகப் பிரிந்துபோவதும் அதுதான் முதலில். கயிறு அறுவது பெரும்பாலும் நடுவில் அல்ல. படகின் முனையில் உரசும் இடத்தில். பழைய தீயணைப்புக் குழாயில் ஒரு முழம் வெட்டி அங்கே செருகிவிட்டால் கயிற்றின் ஆயுள் கூடும்.

சின்ன விஷயங்களில் படகு போகும். ஷேக்கிள் திருகாணியைக் கம்பி போட்டுக் கட்டாவிட்டால் அலையின் ஆட்டத்தில் அதுவாகவே கழன்றுவிடும். நாக முலாம் பூசிய சங்கிலியில் எவர்சில்வர் ஷேக்கிளைப் பளபளப்புக்காக மாட்டினால், உப்புத் தண்ணீரில் இரண்டும் சேர்ந்து மின்கலம் மாதிரி வேலை செய்து சங்கிலியைத் தின்றுவிடும். ஸ்விவல் இல்லாவிட்டால் காற்று திரும்பும்போதெல்லாம் சங்கிலி முறுக்கேறி, நீளம் குறைந்து, போயாவை உள்ளே இழுக்கும்.

குளத்திலும் அணையிலும் இந்தக் கணக்கில் ஒன்று மாறும். திருப்பூர் ஆண்டிபாளையம் குளம் போன்ற இடங்களில் படகு விடும்போது கடலலை இல்லை, ஆனால் நீர்மட்டம் ஏறி இறங்கும். நிறைகுளத்துக்கு அளந்த சங்கிலி, வற்றும்போது தொய்ந்து மிதவையை வேறெங்கோ கொண்டுபோய் நிறுத்தும். எல்லை காட்டும் மிதவை எல்லையை விட்டு நகர்ந்தால் அதற்கு வேலை என்ன?

நைலானும் பாலிப்ரொப்பிலீனும் போட்ட எஸ்

கயிற்றுக்காரர்கள் ரசிக்க வேண்டிய ஒரு போயா வங்காள விரிகுடாவில் இருக்கிறது. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் 1993-ல் தொடங்கியது. 1990-களின் பிற்பகுதியிலிருந்து அது ஆழ்கடலில் தரவு போயாக்களை நிறுத்திவருகிறது. காற்று, அலை, நீர் வெப்பம், உப்பு, ஓட்டம் எல்லாவற்றையும் அளந்து செயற்கைக்கோள் வழியே அனுப்பும் மிதவைகள். மூவாயிரம் மீட்டர் ஆழத்தில் முழுக்கச் சங்கிலி போட்டால் அதன் எடையே மிதவையை முழுக்கடித்துவிடும். என்ன செய்கிறார்கள்? மேலே சில நூறு மீட்டர் கருவிகள் கோத்த இரும்புக் கம்பி வடம். அதற்குக் கீழே மூழ்கும் நைலான். அதற்கும் கீழே மிதக்கும் பாலிப்ரொப்பிலீன். கடைசியில் நங்கூரம். மேல் கயிறு கீழே போகப் பார்க்கும், கீழ்க் கயிறு மேலே எழப் பார்க்கும். நடுத்தண்ணீரில் கயிறு எஸ் வடிவமாக வளைந்து நிற்கும். தொய்வு மேலே வந்து கப்பலில் மாட்டாது, தரையில் படுத்துத் தேயாது. இரண்டு நூலின் அடர்த்தி வித்தியாசத்தை வைத்தே இதைச் சாதித்திருக்கிறார்கள்.

இந்தப் போயாக்களுக்குப் புயலைவிடப் பெரிய தொல்லை மனிதர்கள். நிழல் விழும் இடத்தில், பாசி பிடித்த இடத்தில் மீன் கூடும். மீன் கூடினால் படகு வரும், போயாவில் கயிறு கட்டும், வலை சுற்றும், கருவி உடையும். மீனவரைக் குறை சொல்லி முடித்துவிட முடியாது. டீசல் போட்டு இவ்வளவு தூரம் வந்தவர் மீனை விட்டுவிட்டுப் போவாரா? ஆனால் புயல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அவருக்கே சொல்வதும் அந்தப் போயா தரும் கணக்குதான். ஊர் ஊராகப் போய் மீனவர்களிடம் இதை விளக்கும் வேலையை அந்த நிறுவனமும் ஹைதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையமும் செய்துவருகின்றன.

மன்னார் வளைகுடாவில் கட்டும் போயாவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1986-ல் தேசியப் பூங்காவான அந்த 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை. பவளத்தின் மேல் நங்கூரம் ஒருமுறை விழுந்தால் பல ஆண்டு வளர்ச்சி நொறுங்கும், சங்கிலி சுற்றிவரும் வட்டம் முழுவதும் வழித்தெடுக்கும். அமெரிக்காவின் ஃப்ளோரிடா கீஸ் பகுதியில் ஜான் ஹாலஸ் என்பவர் 1980-களின் தொடக்கத்தில் பாறையில் துளையிட்டு இரும்புக் கம்பியைச் சிமென்ட் வைத்துப் பொருத்தி, அதில் மிதக்கும் கயிறு கட்டி, போயாவை நிறுத்தினார். கான்கிரீட் கட்டியும் இல்லை, இழுபடும் சங்கிலியும் இல்லை. படகுகள் நங்கூரம் போடாமல் அந்தப் போயாவில் கட்டிக்கொண்டன. முத்துக்குளியலும் சங்குக்குளியலும் வழிவழியாக நடந்த நம் கடலில் தண்ணீருக்குள் இறங்கி வேலை செய்யத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பவளம் உள்ள இடங்களில் இதை அவர்களைக் கொண்டே செய்து, பராமரிப்பையும் அவர்களிடமே விட வேண்டும் என்பது என் கருத்து.

டெண்டரில் என்ன எழுதுவது

ஒரு டி-ஷர்ட் ஆர்டருக்கு ஜிஎஸ்எம் எவ்வளவு, சாயம் கெட்டியா, துவைத்தால் எவ்வளவு சுருங்கும், தையல் எவ்வளவு இழுவை தாங்கும் என்று சான்றிதழ் இல்லாமல் நல்லூரில் ஒரு பெட்டி வெளியே போகாது. வாங்குகிறவர் ஆள் அனுப்பிப் பெட்டியைப் பிரித்துப் பார்ப்பார். அதே கண்டிப்பைப் போயா வாங்கும் சங்கங்களும் நகராட்சிகளும் காட்டினால் பாதிக் கோளாறு தீரும். கேட்க வேண்டிய காகிதங்கள்: பிளாஸ்டிக்கில் புற ஊதாக் கதிர் தாங்கும் சேர்மானம் உண்டா, நுரை தண்ணீர் உறிஞ்சாத வகையா, சங்கிலியின் தரக் குறியும் உடையும் சுமையும் என்ன, நாக முலாம் முக்கி எடுத்ததா அல்லது மேலே மின்முலாம் மட்டும் பூசியதா. விளக்கு வைத்த போயா என்றால் மேகமூட்டமான ஐப்பசி, கார்த்திகையில் தொடர்ந்து எத்தனை இரவு எரியும் என்று எழுதி வாங்க வேண்டும். சித்திரை வெயிலில் எரிவது பெரிய காரியமில்லை.

அதைவிடப் பெரிய குறை, ஒப்பந்தங்கள் எண்ணிக்கையில் எழுதப்படுவது. இத்தனை போயா சப்ளை செய்து நிறுத்தித் தர வேண்டும், அவ்வளவுதான். நிறுத்திய மறுநாள் பில் பாஸ் ஆகிவிடும். அடுத்த வருடம் சங்கிலி தேய்ந்தால் பொறுப்பு யாருக்கும் இல்லை. ஐந்து வருடம் அதே இடத்தில் மிதக்க வைத்தால் தவணை தவணையாகப் பணம் என்று எழுதினால், சப்ளை செய்கிறவரே நல்ல சங்கிலி தேடி அலைவார்.

ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் தூக்கிப் பார்ப்பதற்கு நம் கிழக்குக் கரையில் காலண்டரே வழி விட்டிருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் ஏறி மராமத்துப் பார்க்கும் அந்த நாட்களில் கடல் காலியாக இருக்கும், முக்குளிக்கிறவர்களுக்கும் வேலை வேண்டும். சங்கிலியைக் காலிப்பர் வைத்து அளந்து, கண்ணி மூன்றில் ஒரு பங்கு தேய்வதற்கு முன்பே மாற்றிவிட்டால் ஐப்பசியில் வாடை தொடங்கும்போது புதுச் சங்கிலி கீழே இருக்கும்.

போயாவில் பெயர் எழுதும் பழக்கமும் வர வேண்டும். மீன்பிடிக் கருவிகளில் உரிமையாளர் அடையாளம் இருக்க வேண்டும் என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2018-ல் வழிகாட்டு நெறிகள் கொண்டுவந்தது. அறுந்துபோன வலை யாருடையது என்று தெரிந்தால் திருப்பிக் கொடுக்கலாம். தெரியாவிட்டால் அது கடலுக்குள்ளேயே மீனைப் பிடித்துக் கொன்றுகொண்டு கிடக்கும். படகுப் பதிவு எண்ணைப் பெயின்டில் எழுதினால் வெயிலில் அழிந்துவிடும். கேனில் சூடான இரும்பால் பொறிப்பதும், அலுமினியத் தகட்டில் எண் வெட்டிக் கயிற்றோடு கோத்துவிடுவதும் கைச்செலவு அதிகமில்லாத வழிகள்.